நேராக நிற்காத சக்கரங்கள்

அடையாறு எல்.பி. சாலையிலோ தி. நகரிலோ ஒரு டயர்க் கடையில் வீல் அலைன்மென்ட் பார்த்து முடித்ததும் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். நான்கு சக்கரங்களின் படம், அதைச் சுற்றி எண்கள். வேலைக்கு முன் இருந்தது ஒரு வரிசை, வேலைக்குப் பின் இருப்பது இன்னொரு வரிசை. சரியானவை பச்சை, சரியில்லாதவை சிவப்பு. நிறையப் பேர் அதை மடித்து இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு செருகிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நின்று படித்தால் ஒரு சங்கதி கண்ணில் படும். பணம் கொடுத்து வேலை முடிந்த பிறகும் கேம்பர் என்ற இடத்தில் ஓர் எண் சிவப்பாகவே இருக்கும். கேட்டால், “அது கம்பெனி செட்டிங் சார், ஒண்ணும் பண்ணாது” என்பார் மெக்கானிக். அவர் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள இந்தக் கோணங்கள் ஒவ்வொன்றும் எதற்கு இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது, கார் கம்பெனி கேட்கும் எண்களே பெரும்பாலும் பூச்சியம் இல்லை என்பது. சக்கரம் செங்குத்தாக நிற்க வேண்டும், நேர் முன்னே பார்க்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். வடிவமைத்தவர் அப்படி நினைக்கவில்லை. அலைன்மென்ட் மெஷின் அளப்பது நின்றுகொண்டிருக்கும் காரை. ஆள் ஏறி, வேகம் பிடித்து, வளைவில் உடல் சாய்ந்து, ரப்பர் புஷ்கள் நசுங்கும்போது சக்கரம் எப்படி நிற்கும் என்பதுதான் வடிவமைப்பாளரின் கவலை. ஓடும்போது நேராக இருப்பதற்காக, நிற்கும்போது கொஞ்சம் கோணலாக வைத்திருக்கிறார்.

கோணமே இல்லாத வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்க மயிலாப்பூருக்குப் போகலாம். பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர் மாட வீதிகளைச் சுற்றி வருகிறது. தேரின் அச்சு அடிச்சட்டத்தோடு இறுகியது. சக்கரம் அச்சில் சுழலுமே தவிர இடம் வலம் திரும்பாது. அதை மெஷினில் ஏற்ற முடிந்தால் எல்லாக் கட்டத்திலும் பூச்சியம்தான் வரும். அந்தப் பூச்சியத்துக்கு என்ன விலை என்பது ஒரு வீதி முடிந்து அடுத்த வீதிக்குத் திரும்பும் மூலையில் தெரியும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஆப்பு வடிவக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் சரியான நொடியில் செருகுகிறார்கள். ஒரு பக்கச் சக்கரம் தடுக்கப்பட, மறுபக்கம் வடத்தின் இழுப்பில் நகர, தேர் தரையை அரைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. நேர் வீதியிலும் அவர்களுக்கு ஓய்வில்லை. சாலை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் தேர் ஒதுங்கும், கட்டை போட்டுத்தான் மீட்க வேண்டும். ஏறக்குறைய 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. அதன் பிறகும் தேரைத் திருப்புவது என்னவோ முட்டுக்கட்டைதான்.

தேர் ஏன் அரைபடுகிறது? வளைவில் செல்லும் வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் வெவ்வேறு அளவு வட்டத்தில் ஓட வேண்டும். எல்லா வட்டங்களுக்கும் மையம் ஒன்றாக இருந்தால்தான் எதுவும் தேயாது. ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர், முன் சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர். வெளிப்புற முன்சக்கரம் 4.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓட, அது 30 டிகிரி திரும்பினால் போதும். உட்புறச் சக்கரமோ 40 டிகிரி திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதோ ஒரு டயர் பக்கவாட்டில் இழுபட்டே தீரும்.

இந்தப் பத்து டிகிரி வித்தியாசத்துக்கு வழி கண்டவர் மியூனிக்கைச் சேர்ந்த வண்டி செய்பவரான கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர். லண்டனில் அவருக்காக 1818-இல் காப்புரிமை வாங்கிக் கொடுத்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன் என்ற புத்தக, ஓவியப் பதிப்பாளர். இன்று உலகம் முழுதும் அது ஆக்கர்மன் அமைப்பு. கண்டுபிடித்தவர் பெயர் பொறியியல் மாணவர்களுக்கே தெரியாது. குதிரை வண்டிக்காக வந்த இந்த யோசனை காருக்கு வரவும் காலம் பிடித்தது. கார்ல் பென்ஸ் 1885-இல் செய்த முதல் கார் மூன்று சக்கர வண்டி. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்றால் இந்தக் கணக்கே கிடையாது. நான்கு சக்கர வண்டிக்கான ஸ்டியரிங் காப்புரிமையை அவர் 1893-இல்தான் எடுத்தார்.

சக்கரத்தை எவ்வளவு தூரம் திருப்பலாம் என்பதைக் காட்டிய கார் ஒன்று சென்னையிலேயே தயாரானது. வண்டலூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ், பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்து விற்றது. ஹெரால்ட் ஒரு முழு வட்டம் அடிக்க 25 அடி, அதாவது 7.6 மீட்டர் போதும். லண்டன் டாக்சிக்குச் சமமான திருப்பம். இன்று சந்துகளுக்கு ஏற்றது என்று வாங்கப்படும் ஆல்டோவுக்கே ஏறத்தாழ 9 மீட்டர் வேண்டும். மயிலாப்பூரின் முட்டுச்சந்தில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பிய கார் ஹெரால்ட். அதே காரின் பின்சக்கரங்கள் வேறொரு கதை. அதைக் கேம்பரிடம் வரும்போது சொல்கிறேன்.

அலைன்மென்ட் தாளில் பர்ஸைக் கடிக்கும் எண் டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மூக்கு உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியேயா என்பதைச் சொல்கிற எண். மெஷின் வருவதற்கு முன்னால் இதை நூல் கட்டி அளந்தார்கள். முன்சக்கரங்களின் முன் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம், பின் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். 14 அங்குல ரிம்மில் அந்த வித்தியாசம் 3 மில்லிமீட்டர் என்றால், இரண்டு சக்கரங்களும் சேர்ந்து அரை டிகிரி, ஒவ்வொன்றும் கால் டிகிரி.

கால் டிகிரியைக் கண்ணால் பார்க்க முடியாது. கணக்குப் போட்டால் தெரியும். கால் டிகிரி திரும்பிய சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது 4.4 மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. எதிர்ப்பக்கச் சக்கரமும் அதையே எதிர்த்திசையில் செய்வதால் கார் நேராகவே போகும், ஸ்டியரிங்கில் ஒன்றுமே தெரியாது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கவாட்டு இழுபறி மொத்தம் 44 கிலோமீட்டர். அடையாறிலிருந்து கிட்டத்தட்ட மாமல்லபுரம் வரை டயரைக் குறுக்காக இழுத்துக்கொண்டு போகிற தூரம். ரப்பர் வளைந்து கொடுப்பதால் அத்தனையும் தேய்மானம் ஆகாது. தரையைத் தொடும் பகுதியின் பின்பாதிதான் உண்மையில் சறுக்குகிறது. ஆனாலும் டயரின் ஆயுள் குறைவதற்கு இது போதும்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டியதில்லை, உள்ளங்கை போதும். வண்டியை நிறுத்தி, டயர் ஆறிய பிறகு, அதன் முகத்தில் கையைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். கம்பி துருத்திக்கொண்டிருக்கும் அளவுக்குத் தேய்ந்த டயரில் மட்டும் வேண்டாம், கையைக் கிழித்துவிடும். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழவழவென்று போய், உள்ளிருந்து வெளியே வரும்போது ரப்பர் கட்டங்களின் விளிம்பு உறுத்தினால் மூக்குகள் அளவுக்கு மீறி உள்ளே திரும்பியிருக்கின்றன. உறுத்தல் எதிர்த்திசையில் என்றால் வெளியே. டயர் எந்தப் பக்கமாகச் சறுக்குகிறதோ அந்தப் பக்க விளிம்பு மழுங்கும், மறு விளிம்பு கூராகவே நிற்கும். அதைத்தான் கை படிக்கிறது.

இந்த டோவையும் ஏன் பூச்சியமாக வைப்பதில்லை? அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது, முன்சக்கரங்கள் முன்னே தள்ளப்படுகின்றன. சாலை அவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மூட்டுகளில் இருக்கும் இம்மி அளவு நெகிழ்வில் அவை வெளிப்பக்கம் விரிகின்றன. அதனால் நிற்கும்போது மூக்கைச் சற்று உள்ளே வைத்தால் ஓடும்போது நேராகும். 1983-இல் வந்த மாருதி 800-இல் முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. இழுக்கிற சக்கரம் விரியாது, உள்ளே திரும்பப் பார்க்கும். ஆகவே முன்சக்கர இழுவைக் கார்களுக்குப் பூச்சியத்தை ஒட்டியோ, சில மாடல்களுக்கு மூக்கு லேசாக வெளியே பார்க்கவோ வைக்கிறார்கள். அம்பாசடரில் கைதேர்ந்தவரின் பழக்கம் மாருதியில் பலிக்காது. அந்தந்த மாடலுக்கான அளவை மெஷினில் தேர்ந்தெடுத்தார்களா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம். தாளின் மேல்மூலையில் மாடல் பெயர் இருக்கும்.

கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும் சாய்வு. சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்தால் நேர் எண், உள்ளே சாய்ந்தால் எதிர் எண். ஒரு ரூபாய் நாணயத்தைச் சற்றுச் சாய்த்து உருட்டினால் அது சாய்ந்த பக்கமே வளைந்து போகும். சாய்ந்த டயரும் அப்படித்தான் இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் இழுப்பு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். டோவோடு ஒப்பிட்டால் கேம்பர் டயரைத் தின்பது குறைவுதான். தின்றால் ஒரு தோளை மட்டும் தின்னும், வழவழவென்று. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச் சக்கரமும் கூடவே சாயும். அதை ஈடுகட்டத் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைப்பது இன்றைய வழக்கம். எப்படியானாலும் வழக்கமாக ஒரு டிகிரியைச் சுற்றித்தான் பேச்சு.

இப்போது ஹெரால்ட். அதன் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தன் அரை அச்சோடு இறுக்கமாகப் பொருத்தப்பட்டு, அந்த அரை அச்சு நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் அருகே மடங்கும். நடுவிலே கீல் வைத்த அச்சு என்று சொல்லலாம். அரை அச்சின் நீளம் சுமார் அரை மீட்டர். வண்டியின் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் இறங்கினால் சக்கரத்தின் சாய்வு 5 டிகிரிக்கு மேல் மாறிவிடும். ஓட்டுநர் மட்டும் இருந்தால் ஒரு கேம்பர், பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் கல்யாண சாமானும் ஏறினால் வேறொரு கேம்பர். சுமையோடு போகும் ஹெரால்டைப் பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். அது அசிங்கமே தவிர ஆபத்தில்லை. ஆபத்து எதிர்த்திசையில் இருந்தது. வேகமாக வளைவில் போகும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் எழும்பும். வெளிச் சக்கரம் காருக்கு அடியில் மடிந்து, டயர் ஓரத்தில் மட்டும் நிற்கும். பிடி விட்டுப் போகும்.

ஹெரால்ட் மட்டுமல்ல, வோக்ஸ்வேகன் பீட்டிலும் அமெரிக்காவின் செவர்லே கார்வேரும் இதே அச்சோடு ஓடியவை. கார்வேரை வைத்து ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் கார்ப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கே ஒரு காரணமானது. ஸ்டாண்டர்ட் கம்பெனி இதைத் தன் வழியில் தீர்த்தது. ஹெரால்டைத் திருத்தி 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கெசல் காரில், அந்த மடங்கும் அச்சைத் தூக்கிவிட்டு, லாரிகளில் இருப்பது போன்ற ஒற்றை இறுகிய அச்சை வைத்தது. பொறியியலில் இது பின்னோக்கிய அடி என்று நூல்கள் சொல்லும். நம் ஊர்ச் சாலைக்கும் சுமைக்கும் அது புத்திசாலித்தனமான அடி என்பது என் கட்சி. இறுகிய அச்சில் ஐந்து பேர் ஏறினாலும் சக்கரம் செங்குத்தாகவே நிற்கும்.

கேஸ்டரைப் புரிந்துகொள்ள சைக்கிளைப் பக்கவாட்டில் பார்த்தால் போதும். முன் ஃபோர்க் நிமிர்ந்து நிற்காமல் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். ஃபோர்க்கின் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். டயர் எப்போதும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால் தானாக நேராகிக்கொள்கிறது. காரில் இந்தச் சாய்வு சில டிகிரிதான். திருப்பம் முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நடுவுக்கு வருவதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. அதிகமானால் ஸ்டியரிங் கனக்கும். பவர் ஸ்டியரிங் வந்த பிறகு வடிவமைப்பாளர்கள் தைரியமாகக் கூட்டிக்கொண்டார்கள்.

கேஸ்டர் டயரைத் தின்னாது. இரண்டு பக்கமும் வேறுபட்டால், எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். அதை நேரடியாக அளக்கவும் முடியாது. மெக்கானிக் சக்கரத்தை இருபது டிகிரி இடமும் இருபது டிகிரி வலமும் திருப்பச் சொல்கிறாரே, அது இதற்குத்தான். திருப்பும்போது கேம்பர் எவ்வளவு மாறுகிறதோ அதை ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்கினால் கேஸ்டர். அந்த இட வலத் திருப்பலே இல்லாமல் தாளில் கேஸ்டர் எண் வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

“வண்டி லெஃப்டுல இழுக்குதுண்ணே” என்று வருகிறவர்களில் பலருக்குக் காரில் கோளாறே இருக்காது. மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலையின் நடுமுதுகை உயர்த்தி, ஓரத்தைத் தாழ்த்திப் போடுகிறார்கள். நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் 3.5 மீட்டர் அகலத்துக்கு 7 சென்டிமீட்டர் இறக்கம். ஆயிரம் கிலோ காரை இந்தச் சரிவு 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் எல்லாருக்கும் இடப்பக்க இழுப்பு. மட்டமான காலி இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம். அங்கும் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில், அலைன்மென்டில் இல்லை. ஒரு பக்கம் சுழலவே செய்யப்பட்ட டயராக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை ஆகாது.

சென்னையில் இடப்பக்கச் சக்கரம் கூடுதலாக அடிபடுவதற்கும் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சாலை ஓரம்தான் முதலில் பெயரும். போதாததற்கு லஸ், பனகல் பூங்கா, அடையாறு என்று மெட்ரோ இரண்டாம் கட்டத் தோண்டல்கள், தற்காலிகத் திருப்பங்கள், தண்ணீர் நிறைந்த பள்ளங்கள். பள்ளத்தில் விழுந்த சக்கரத்தைப் பள்ளத்தின் விளிம்பு பின்னுக்குத் தள்ளும். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வளைந்தாலோ அதன் புஷ் கிழிந்தாலோ அந்தப் பக்கம் கேஸ்டர் குறையும். ஏற்கெனவே சாலை இடப்பக்கம் தள்ளுகிறது, இப்போது காரும் சேர்ந்துகொள்ளும்.

தாளில் சிவப்பாகவே நின்ற அந்த எண்ணுக்கு வருவோம். ஃபோர்டு பொறியாளர் எர்ல் மெக்பர்சனின் பெயரால் வழங்கும் ஸ்ட்ரட் அமைப்புதான் இன்று நம் சிறிய கார்கள் எல்லாவற்றின் முன்பக்கத்திலும் இருக்கிறது. ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் தூண். மலிவு, இடமும் மிச்சம். கேம்பரும் கேஸ்டரும் பெரும்பாலும் தூணும் ஆர்மும் பொருந்தும் இடத்திலேயே முடிவாகிவிடும், திருகி மாற்ற அங்கே எதுவும் இருக்காது. பின்னால் இருக்கும் ஒற்றை அச்சிலும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு எண்கள் அச்சாகும் தாளில் மெக்கானிக் உண்மையில் திருகுவது ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் இரண்டு டை ராடுகளை மட்டும். ஆக, “கம்பெனி செட்டிங்” என்பது உண்மையான பாதி. “ஒண்ணும் பண்ணாது” என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மாற்ற முடியாத எண் மாறியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு இரும்பு வளைந்திருக்கிறது, அல்லது ஒரு ரப்பர் செத்திருக்கிறது. இடத்துக்கும் வலத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் அதைத் தேட வேண்டும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றி விற்கும் ஆர்ம் மலிவாகக் கிடைக்கும். அது எந்த வண்டியிலிருந்து, எப்படி மோதிய வண்டியிலிருந்து வந்தது என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல கடையில் நட்டைத் தொடுவதற்கு முன் நடக்கும் வேலைதான் அதிகம். நான்கு டயரிலும் காற்று சரிபார்ப்பார்கள். சக்கரத்தை இரண்டு கையால் பிடித்து ஆட்டி, டை ராட் எண்டிலும் பால் ஜாயின்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்தால் அந்த எண் கடை வாசலைத் தாண்டுவதற்குள் மாறிவிடும். ரிம்மில் கோணல் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளக் காரை முன்னும் பின்னும் உருட்டுவார்கள். கடைசியாக ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டு, அதன் பிறகே டை ராடின் லாக் நட்டைத் தளர்த்துவார்கள்.

இந்தப் பூட்டு முக்கியம். டோ என்பது இரண்டு சக்கரங்களின் கூட்டு. ஒரு பக்க டை ராடை மட்டும் திருகினாலும் கூட்டுத்தொகை சரியாகிவிடும், தாளில் மொத்த டோ பச்சையாகும். டயரும் தேயாது. ஆனால் கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். “ஸ்டியரிங் சென்டர்ல இல்லையே” என்று திரும்பி வருகிறவருக்கு, ஸ்டியரிங் வட்டையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பது பழைய குறுக்குவழி. அம்பாசடரில் அது செல்லுபடியானது. இன்றைய காரில் அந்த வட்டைக்குள் ஏர்பேக் இருக்கிறது. வழுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு உள்ள கார்களில், ஓட்டுநர் எந்தப் பக்கம் போக நினைக்கிறார் என்பதை ஸ்டியரிங்கின் கோணத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. அதன் கணக்கில் நடு ஒன்று, சக்கரங்களின் நடு வேறொன்று என்று ஆகிவிட்டால், நேர்ச் சாலையில் எச்சரிக்கை விளக்கு எரியும், அல்லது தேவையில்லாத நேரத்தில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழும். அத்தகைய கார்களில் டை ராடைச் சரிசெய்த பிறகு ஸ்கேனரை மாட்டி அந்தச் சென்சாருக்கு நடு எது என்று புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பல மாடல்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. பில்லில் அது இல்லையென்றால் செய்தார்களா என்று கேட்டுவிட்டே சாவியை வாங்கிக்கொள்ளலாம்.